காவிரிக் கடைமடையில் ஒரு பிரெஞ்சு ‘கொம்யூன்’: பெயர் இருக்கு, தலைவர் எங்கே?

நாகூரிலிருந்து காரைக்கால் போகும் பஸ்ஸில் ஏறினால், டிக்கெட் வாங்கிச் சில்லறையை எண்ணி முடிப்பதற்குள் ஆட்சி மாறிவிடும். வாஞ்சூர் எல்லை. அங்கே முதலில் கண்ணில் படுவது மதுக்கடைகள். தமிழ்நாட்டு பைக்குகள் ஏன் அங்கே நிற்கின்றன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ‘காரைக்கால்னா அவ்வளவுதானே’ என்று பலரும் அந்த இடத்திலேயே முடிவுகட்டி விடுகிறார்கள்.

அதைத் தாண்டிச் சில நிமிடங்கள் போனால் திருமலைராயன்பட்டினம். ஊர்க்காரர்கள் வாயில் திருப்பட்டினம், அவசரக்காரர்களுக்கு டி.ஆர்.பட்டினம். ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் கடல், நடுவில் கோயில்களும் குளங்களும். பார்வைக்கு இது சுத்தமான டெல்டா ஊர். ஆனால் இங்குள்ள உள்ளாட்சி அலுவலகத்தின் பெயர் தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ நீங்கள் பார்க்க முடியாத ஒன்று: ‘கொம்யூன் பஞ்சாயத்து’.

பஞ்சாயத்து தெரியும். அதென்ன கொம்யூன்?

பிரான்ஸில் ஊர் என்றால் கொம்யூன்

கொம்யூன் என்றதும் சிலருக்குப் பொதுவுடைமை ஞாபகம் வரலாம், சிலருக்கு 1871-ன் பாரிஸ் எழுச்சி. இங்கே விஷயம் அதைவிட எளிமையானது. பிரான்ஸில் உள்ளாட்சியின் அடிப்படை அலகுக்குப் பெயரே கொம்யூன்தான். பாரிஸ் மாநகரமும் ஒரு கொம்யூன். மலையடிவாரத்தில் நூறு பேர் வசிக்கும் கிராமமும் ஒரு கொம்யூன். நம்மைப் போல மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என்று படிக்கட்டு கிடையாது.

பிரெஞ்சுப் புரட்சி நடந்த 1789-ம் ஆண்டின் டிசம்பரில் இதற்கான சட்டம் வந்தது. அன்றுவரை தேவாலயப் பங்குகளாக இருந்த கிராமங்கள் தங்களுக்கென ஒரு கவுன்சில் வைத்துக்கொள்ளும் அலகுகளாக மாறின. இன்று பிரான்ஸில் சுமார் 35,000 கொம்யூன்கள் இருக்கின்றன. அவற்றில் கிட்டத்தட்ட பாதியில் மக்கள்தொகை 500-ஐத் தாண்டாது. சென்னையில் ஒரு பெரிய அபார்ட்மென்ட் வளாகத்தில் இருப்பவர்களைவிடக் குறைவு! ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர், ஒரு கவுன்சில், ‘மேரி’ என்று அழைக்கப்படும் ஒரு அலுவலகம். சட்டப்படியான திருமணம் அங்கேதான் நடக்கும். பிறப்பும் இறப்பும் அங்கேதான் பதிவாகும்.

இந்த ஏற்பாட்டில் அவர்களுக்கு எவ்வளவு பிடிவாதம் என்பதற்கு ஒரு உதாரணம் உண்டு. முதல் உலகப் போரில், 1916-ல் வெர்டன் போர்க்களத்தைச் சுற்றியிருந்த ஒன்பது கிராமங்கள் குண்டுவீச்சில் தரைமட்டமாயின. அவற்றில் ஆறு கிராமங்களில் இன்றுவரை ஒருவர்கூட வசிக்கவில்லை. ஓட்டுப் போட ஆளில்லாததால் அரசே மூன்று பேர் கொண்ட ஒரு சிறு குழுவை நியமிக்கிறது. அதன் தலைவர் மேயரின் வேலையைப் பார்க்கிறார். ஊரே இல்லை, ஆனால் ஊருக்குத் தலைவர் உண்டு.

திருப்பட்டினத்தின் நிலைமை இதற்கு நேர் தலைகீழ். ஊர் இருக்கிறது, சனம் இருக்கிறது, கொம்யூன் என்ற பெயரும் இருக்கிறது. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர்தான் இல்லை. 2011-ல் கடைசியாக இருந்தவர்களின் பதவிக்காலம் முடிந்த பிறகு இங்கே உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் முழுவதற்குமே இதுதான் கதை.

தஞ்சை மன்னருக்குப் பணம் தேவைப்பட்டபோது

பிரெஞ்சுக்காரர்கள் எப்படி நெல் வயலுக்கு நடுவே வந்து சேர்ந்தார்கள்? காரணம் நமக்குப் பழக்கமானதுதான். வாரிசுச் சண்டையும் கடனும்.

1730-களின் கடைசியில் தஞ்சாவூர் மராட்டிய அரியணைக்கு அடிதடி. சாகுஜி என்ற மன்னர் பணம் வேண்டி, காரைக்காலைத் தருவதாக புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர்களிடம் ஒப்புக்கொண்டார். அரியணை உறுதியானதும் இழுத்தடித்தார். கடைசியில் சந்தா சாகிப்பின் உதவியோடு 1739 பிப்ரவரியில் பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலில் கால் வைத்தார்கள். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சுற்றியிருந்த ஊர்களும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இடையில் ஆங்கிலேயர் பிடிப்பதும் திருப்பிக் கொடுப்பதுமாக ஆட்டம் நடந்து, 1817-க்குப் பிறகு 1954 வரை தொடர்ச்சியாக பிரெஞ்சு ஆட்சி.

ஆக, மூன்று பக்கமும் பிரிட்டிஷ் தஞ்சாவூர் மாவட்டம், கிழக்கே வங்கக்கடல், நடுவில் சுமார் 160 சதுர கிலோமீட்டருக்கு ஒரு குட்டி பிரான்ஸ். நாகூரில் பெண் எடுத்த திருப்பட்டினத்து மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்குப் போவது ஒரு சாம்ராஜ்யத்திலிருந்து இன்னொரு சாம்ராஜ்யத்துக்குப் போவதாக இருந்தது. இதே காரைக்கால் துறைமுகத்திலிருந்துதான் 19-ம் நூற்றாண்டில் டெல்டாவின் கூலி ஜனங்கள் ரீயூனியனுக்கும் கரீபியன் தீவுகளான மார்ட்டினிக், குவாதலூப்புக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். அது தனியாக எழுத வேண்டிய கதை.

1880 மார்ச் 12-ல் ஒரு ஆணை வந்தது. இந்தியாவில் இருந்த பிரெஞ்சுப் பகுதிகளை 10 கொம்யூன்களாகப் பிரித்தார்கள். காரைக்கால் பகுதிக்கு மூன்று: காரைக்கால், நெடுங்காடு, பிறகு ‘லா கிராந்த் அல்தே’. இந்த மூன்றாவதுதான் நம் திருமலைராயன்பட்டினம். ‘அல்தே’ என்பது போர்த்துகீசிய மொழியில் கிராமத்தைக் குறிக்கும் ‘அல்தேயா’விலிருந்து வந்த சொல். அதாவது ‘பெரிய கிராமம்’. தமிழில் ‘பட்டினம்’ என்றால் கடற்கரை நகரம். ஒரு ராயர் பெயரில் பட்டினமாக இருந்த ஊரை பிரெஞ்சுக் காகிதம் கிராமமாக்கி விட்டது. திருமலைராயன்பட்டினம் என்று உச்சரிக்க முடியாத குமாஸ்தா யாரோ பார்த்த வேலையாக இருக்கலாம் என்று கிண்டலடிக்கத் தோன்றும். ஆனால் அந்தப் பெயர்தான் அரசு ஆவணங்களில் 1954 வரை ஓடியது.

1907-ல் கொம்யூன்களின் எண்ணிக்கை 17 ஆனது. திருநள்ளாறு, நிரவி, கோட்டுச்சேரி ஆகியவையும் சேர்ந்து காரைக்காலுக்கு ஆறு. இன்றைக்கும் மாவட்டத்தின் உள்ளாட்சி வரைபடம் அதேதான்: காரைக்கால் நகராட்சி, கூடவே ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள்.

உடனே ‘ஆஹா, பிரெஞ்சுக்காரன் 1880-லேயே ஜனநாயகம் கொடுத்துட்டான்’ என்று உருக வேண்டாம். ஐரோப்பியர்களுக்குத் தனி வாக்காளர் பட்டியல், இந்தியர்களுக்குத் தனிப் பட்டியல். கைவிட்டு எண்ணக்கூடிய ஐரோப்பியர்களின் ஓட்டுக்கு ஆயிரக்கணக்கான தமிழர்களின் ஓட்டைவிட எடை அதிகம். 1881-ல் இன்னொரு ஆணை: தங்கள் சாதி, மத வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்பவர்கள் ஒரு குடும்பப் பெயரையும் சூட்டிக்கொண்டு ‘துறந்தவர்கள்’ என்ற தனி வகையில் சேரலாம். சில காலம் அவர்களுக்கும் ஒரு தனிப் பட்டியல் இருந்தது. தேர்தல் நாளில் அடியாட்களும் பெட்டித் தூக்கலும் சகஜம். எல்லோருக்கும் ஒரே பட்டியல், பெண்களுக்கும் ஓட்டு என்பதெல்லாம் இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான்.

ஆனாலும் ஒன்று நடந்தது. ஊருக்கு ஒரு மேயர் இருப்பார், அவரை நாம்தான் போடணும், பிடிக்காவிட்டால் அடுத்த முறை தூக்கிவிடலாம் என்ற பழக்கம் இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு இந்த வயல்காட்டில் ஊறியது.

பிரான்ஸுக்கு முந்தைய ஊர்

கொம்யூன் என்ற சட்டை 1880-ல் போட்டது. உடம்பு அதைவிடப் பழசு.

ஊருக்குப் பெயர் கொடுத்த திருமலைராயன் 15-ம் நூற்றாண்டில், விஜயநகர ஆட்சிக்குக் கீழ் இந்தப் பகுதியை ஆண்டவர். அவர் பெயரில்தான் ஊர், அவர் பெயரில்தான் திருமலைராஜன் ஆறு. தமிழ் படித்தவர்களுக்கு இந்த ஊர் வேறொரு காரணத்துக்காகவும் நினைவிருக்கும். சிலேடைக்குப் பேர் போன காளமேகப் புலவர் இந்த ராயனின் சபைக்குத்தான் வந்தார். அங்கே இருந்த அதிமதுரகவியோடு போட்டி. மரியாதை கிடைக்காத கோபத்தில் ஊர்மேல் மண்மாரி பொழியட்டும் என்று பாடிவிட்டுப் போனார் என்பது செவிவழிக் கதை. கடற்கரை மணல் காற்றில் பறந்து வரும் ஊருக்கு இப்படி ஒரு கதை ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

ஊரில் ஆயிரங்காளியம்மன் இருக்கிறாள். இந்த அம்மனைத் தினமும் பார்க்க முடியாது. பேழைக்குள் இருப்பவள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பேழை திறக்கப்பட்டு, அம்மன் வெளியே வருவாள். பழமோ பணியாரமோ வளையலோ, எதைப் படைத்தாலும் ஆயிரம் எண்ணிக்கையில் படைக்க வேண்டும் என்பது ஐதீகம். அந்த நாட்களில் சிங்கப்பூரில் இருப்பவர்கள்கூட லீவு போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். ஐந்து வருஷக் கணக்கு இந்த ஊரில் தவறாமல் நடப்பது இந்த ஒரு விஷயத்தில்தான் என்று சொன்னால் அது குத்தல் இல்லை, தகவல்.

மாசி மகத்தன்று நடப்பது இன்னும் அழகு. தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிற திருக்கண்ணபுரத்திலிருந்து சௌரிராஜப் பெருமாள் புறப்பட்டு, தீர்த்தவாரிக்காகத் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு வருகிறார். பெருமாள் மணந்த பத்மினி மீனவர் தலைவரின் மகள் என்பது ஐதீகம். அதனால் பட்டினச்சேரி மீனவர்களுக்கு அவர் பெருமாள் மட்டுமில்லை, வீட்டு மாப்பிள்ளை. ‘மாப்பிள்ளை’ என்று உரிமையோடு கூப்பிட்டுத்தான் வரவேற்பார்கள். மாப்பிள்ளை வரும் வழியில் பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சு இந்தியாவும் எல்லை போட்டன, பிறகு ஒரு மாநிலமும் ஒன்றியப் பிரதேசமும் எல்லை போட்டன.

தண்ணீருக்கு அந்தச் சலுகை கிடையாது. மேட்டூரில் திறந்த காவிரி கல்லணையில் பிரிந்து, கிளை கிளையாகப் பிரிந்து, தஞ்சாவூர், திருவாரூர் வயல்களையெல்லாம் நனைத்துவிட்டு, கடைசியாக அரசலாறு, திருமலைராஜன் ஆறு என்று காரைக்காலுக்கு வருகிறது. வந்தால். கடைமடை என்பதற்கு இதைவிடக் கடைசி இல்லை. காவிரி நடுவர் மன்றம் 2007-ல் கொடுத்த இறுதித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு 7 டிஎம்சி ஒதுக்கியது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மற்ற பங்குகளில் கைவைத்தபோதும் இந்த 7-ஐத் தொடவில்லை. அந்தத் தண்ணீர் காரைக்கால் வயல்களுக்கானது. பெங்களூருவும் சென்னையும் மோதிக்கொள்ளும் வழக்கில் ஒரு ஓரமாக நின்று தன் பங்கைக் கேட்பது ஒரு முன்னாள் பிரெஞ்சு காலனி என்பது பலருக்குத் தெரியாது.

170–8: இணைப்பை முடிவு செய்த கவுன்சிலர்கள்

இந்தியா 1947-ல் விடுதலை அடைந்தபோது காரைக்காலில் பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது. இணைப்பு இயக்கம் சூடுபிடித்தபோது கொம்யூன்கள் வேடிக்கை பார்க்கவில்லை. 1954 மார்ச்சில் புதுச்சேரிப் பகுதி மேயர்கள், பொதுவாக்கெடுப்பே தேவையில்லை, நேராக இந்தியாவுடன் சேருகிறோம் என்று தீர்மானம் போட்டார்கள். எந்தத் தூண் மேல் பிரெஞ்சு நிர்வாகம் நின்றதோ அந்தத் தூண்களே நகர ஆரம்பித்தன.

கடைசி முடிவு 1954 அக்டோபர் 18-ல், வில்லியனூரை அடுத்த கீழூர் என்ற சிற்றூரில் நடந்தது. அங்கே வாக்களித்தவர்கள் பொதுமக்கள் அல்ல. பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் கொம்யூன் கவுன்சிலர்களுமாக 178 பேர். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல்.

இதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பார்க்கலாம். இந்த மண் எந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கே விடை சொல்லும் தகுதி இருந்தது கொம்யூன் கவுன்சிலர்களுக்கு. அந்தப் பதவி இன்று காலியாக இருக்கிறது.

1968, 2006, அப்புறம்?

இணைப்புக்குப் பிறகும் பிரெஞ்சு நகராட்சி ஆணைகள் உடனே போய்விடவில்லை. 1968-ல் நடந்த உள்ளாட்சித் தேர்தலும் பழைய மேயர் முறை வழிவந்ததுதான். 1973-ல் புதுச்சேரி சட்டமன்றம் தனக்கென இரண்டு சட்டங்களை இயற்றியது: ஒன்று நகராட்சிகளுக்கு, இன்னொன்று கிராம மற்றும் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கு. நகரங்கள் நகராட்சிகளாக, மற்றவை கொம்யூன் பஞ்சாயத்துகளாக ஆயின. இன்று 5 நகராட்சிகள், 10 கொம்யூன் பஞ்சாயத்துகள். பிரெஞ்சுச் சொல்லையும் இந்தியச் சொல்லையும் ஹைஃபன் இல்லாமலே கட்டிப்போட்ட பெயர் அப்படித்தான் பிறந்தது. மேயர் போய், கொம்யூன் பஞ்சாயத்துத் தலைவர் வந்தார். அதாவது, சட்டப் புத்தகத்தில் வந்தார்.

ஏன்னா, 1968-க்குப் பிறகு அடுத்த தேர்தல் நடந்தது 2006-ல். இடையில் 38 வருஷம். 21 வயதில் 1968-ல் முதல் ஓட்டுப் போட்டவர், இரண்டாவது உள்ளாட்சி ஓட்டைப் போடும்போது அறுபதைத் தொட ஒரு வயது பாக்கி. நடுவில் 1992-ல் அரசியலமைப்பின் 73, 74-வது திருத்தங்கள் வந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் கட்டாயம் என்று ஆனது. அதற்குப் பிறகும் 14 வருஷம்.

அந்த 38 வருஷத்தின் விலை எண்களில் தெரியாது. ஆனால் ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். 2004 டிசம்பர் 26. காரைக்கால் கடற்கரையில் சுனாமி 400-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. மாப்பிள்ளை சாமியை வரவேற்கும் பட்டினச்சேரியும் அந்தக் கரையில்தான் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், நாகப்பட்டினம் மாவட்டத்தில், 2001-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்கள் இருந்தார்கள். இந்தப் பக்கம் உள்ளாட்சித் தேர்தல் நடந்தே 36 வருஷம் ஆகியிருந்தது. அதிகாரிகள் இருந்தார்கள், எம்.எல்.ஏ.க்கள் இருந்தார்கள். மீனவ கிராமங்களைத் தாங்கிப் பிடித்தது அவர்களின் பாரம்பரிய ஊர்ப் பஞ்சாயத்து. சோழமண்டலக் கரை முழுக்க இருக்கிற அந்த அமைப்பு நிவாரணப் பட்டியல் போட்டது, பங்கு பிரித்தது. ஒற்றுமைக்குப் பேர் போன அமைப்புதான். ஆனால் அதில் பெண்களுக்கு நாற்காலி கிடையாது, மீனவர் அல்லாதவர்களுக்கு இடம் கிடையாது. சட்டப்படியான கொம்யூன் செய்ய வேண்டியதை அதனிடம் முழுசாக எதிர்பார்க்கவும் முடியாது.

2006-ல் நீதிமன்றத் தலையீட்டுக்குப் பிறகு ஒருவழியாகத் தேர்தல் நடந்தது. ஐந்து வருஷம் ஓடியது. 2011-ல் பதவிக்காலம் முடிந்தது. மறுபடியும் பூட்டு. 2006-க்குப் பிறகு 18 வயதைத் தொட்ட எவரும், அதாவது முப்பதுகளின் நடுவில் இருக்கும் ஒரு ஐ.டி. ஊழியர்கூட, தன் ஊர் கொம்யூனுக்கு ஒரு பொதுத் தேர்தலில் ஓட்டுப் போட்டதில்லை.

தமிழ்நாடு ரொம்ப யோக்கியமா என்று கேட்கலாம். 2016 முதல் 2019 வரை தமிழ்நாட்டு ஊராட்சிகளும் தனி அலுவலர்கள் கையில்தான் இருந்தன. ஆனால் மூன்று வருஷத்துக்கே அங்கே கூச்சல் கேட்டது. இங்கே அது பழகிவிட்டது.

ஏன் நடக்கவில்லை?

அதிகாரபூர்வமான காரணம் இடஒதுக்கீடு. 2021-ல் தேர்தல் தேதிகளே அறிவிக்கப்பட்டன. இடஒதுக்கீடு, சுழற்சி முறை பற்றிய வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக, அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டு, திருத்தி வெளியிடப்பட்டு, பிறகு அதுவும் நின்றது. அதே ஆண்டு மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒரு மகாராஷ்டிர வழக்கில் மூன்று நிபந்தனைகளை உறுதிப்படுத்தியிருந்தது: உள்ளாட்சியில் பிற்படுத்தப்பட்டோருக்கு இடம் ஒதுக்க வேண்டுமென்றால் அதற்கென ஓர் ஆணையம் தரவு திரட்ட வேண்டும், எந்த உள்ளாட்சியில் எத்தனை சதவீதம் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும், மொத்த ஒதுக்கீடு 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இது நியாயமான கேள்விதான். பிற்படுத்தப்பட்டோருக்கு இடமே இல்லாமல் தேர்தல் நடத்துவதை புதுச்சேரியில் எந்தக் கட்சியும் ஏற்காது, ஏற்கவும் கூடாது. ஆனால் கணக்கெடுப்பு என்பது ஒரு தலைமுறை எடுக்கும் வேலை இல்லை. 2 லட்சம் பேர் வசிக்கும் மாவட்டம் காரைக்கால். மொத்த ஒன்றியப் பிரதேசமே 2011 கணக்கெடுப்பில் சுமார் 12.5 லட்சம் பேர்தான்.

அரசியல் டீக்கடைகளில் பேசப்படும் காரணம் வேறு. அதைப் புரிந்துகொள்ள ஒரு வகுத்தல் கணக்குப் போதும். தமிழ்நாட்டில் 7.2 கோடி மக்களுக்கு 234 எம்.எல்.ஏ.க்கள், தலைக்குச் சுமார் 3 லட்சம் பேர். புதுச்சேரியில் 12.5 லட்சத்துக்கு 30 தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.எல்.ஏ.க்கள், தலைக்குச் சுமார் 42,000 பேர். தமிழ்நாட்டு அளவில் பார்த்தால் அது ஒரு பேரூராட்சி. காரைக்கால் மாவட்டத்தில் 5 சட்டமன்றத் தொகுதிகள். 5 கொம்யூன்களும் ஒரு நகராட்சியும். நிரவி, திருமலைராயன்பட்டினம் என்ற இரண்டு கொம்யூன்களின் பெயரையும் சேர்த்தே ஒரு தொகுதி இருக்கிறது.

ஆக, தெருவிளக்கு எரியவில்லையா, எம்.எல்.ஏ. சாக்கடை அடைப்பா, எம்.எல்.ஏ. கொம்யூன் தலைவர் என்று ஒருவர் அதே தெருவில் ஓட்டு வாங்கி வந்து நின்றால், ரிப்பன் வெட்டுவது யார்? அடுத்த சட்டமன்றத் தேர்தலில் எதிரே நிற்கப் போவது யார்? எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் உள்ளாட்சித் தேர்தலில் அவசரம் காட்டாததற்கு இதைவிட எளிய விளக்கம் இல்லை. 1968-க்கும் 2006-க்கும் இடையில் இடஒதுக்கீட்டு வழக்கு என்று ஒன்று 38 வருஷமும் நிலுவையில் இருந்ததா என்ன?

எம்.எல்.ஏ. செய்தால் போதாதா? தெருவிளக்குக்குப் போதும். ஆனால் திருப்பட்டினம் இப்போது வெறும் வயலும் வலையுமாக இல்லை. போலகத்தில் தொழிற்பேட்டை, 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம், 2009 முதல் வாஞ்சூர்க் கரையில் தனியார் துறைமுகம். துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரியின் தூசு பற்றி வாஞ்சூர்ப் பக்கமும் நாகூர்ப் பக்கமும் பல ஆண்டுகளாகப் புகார் எழுந்து வந்திருக்கிறது. நிலம் யாருக்கு, தண்ணீர் யாருக்கு, குளத்தை யார் தூர்ப்பது, லாரி எந்த ரோட்டில் போவது என்ற கேள்விகளை ஊரே கூடிப் பேசி, மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றி, தீர்மானமாக அனுப்ப ஒரு மேசை வேண்டும். சட்டப்படி அந்த மேசை கொம்யூன் கவுன்சில். இப்போது அங்கே முடிவெடுப்பவர் உள்ளாட்சித் துறை நியமிக்கும் ஆணையர். அவர் நல்லவராக இருக்கலாம், திறமைசாலியாகவும் இருக்கலாம். மாற்றலாகிப் போனால் அடுத்தவர் வருவார். இரண்டு பேரையும் ஊர் தேர்ந்தெடுக்கவில்லை.

பழைய பதிவேடு, புதிய வரிசை

கொம்யூன் செத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. பிறப்பு, இறப்புப் பதிவு அங்கேதான் நடக்கிறது. வீட்டு வரி அங்கேதான். பிரெஞ்சுக் காலத்துப் பதிவேடுகளைத் தேடிக்கொண்டு, கொள்ளுத்தாத்தாவின் பெயரை எந்த எழுத்துக்கூட்டலில் எழுதியிருப்பார்களோ என்ற கவலையோடு, இன்றும் ஆட்கள் வருகிறார்கள். 1962 ஒப்படைப்பின்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்களின் பிள்ளைகள், பேரன் பேத்திகளுக்கு அந்த ஒரு வரி பாஸ்போர்ட்டைவிடப் பெரிது. பல நேரம் பாஸ்போர்ட்டே அந்த ஒரு வரியில்தான் தொங்கும்.

அப்படிக் குடியுரிமை வைத்திருப்பவர்கள் காரைக்கால் மாவட்டத்தில் இன்றும் கணிசமாக இருக்கிறார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், அவர்களின் குடும்பங்கள். 2022 ஏப்ரலில் பிரெஞ்சு அதிபர் தேர்தல் வந்தபோது, இரண்டு சுற்றுக்கும் காரைக்காலில் வாக்குச்சாவடி போட்டார்கள். வேட்டியில் வந்தவர்களும் சேலையில் வந்தவர்களும் வரிசையில் நின்று, எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நாட்டின் அதிபரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள்.

வீடு திரும்பும் வழியில் தெருச் சாக்கடை அடைத்துக் கிடந்தால், அவர்களும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு ஆணையர் ஆபீஸுக்கோ எம்.எல்.ஏ. வீட்டுக்கோதான் போக வேண்டும்.